தோட்ட நகரம் கண்ட எபனேசர் ஹோவார்டு

நம் கல்லூரி நூலகத்தின் ஆங்கிலப் பகுதியில், கை எட்டாத மேல்தட்டில், கைக்கடக்கமான பழைய எவ்ரிமேன் வரிசை நூல்கள் சில தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் புரட்டியபோது, அச்சிட்ட இடம் டெம்பிள் அச்சகம், லெட்ச்வொர்த் என்றிருக்கக் கண்டேன். அச்சுத்தொழிலுக்குப் பேர்போன நகர் இலண்டன் அல்லவா? பெயரே கேள்விப்படாத இவ்வூருக்கு டென்ட் என்ற புகழ்பெற்ற பதிப்பாளர் ஏன் போனார்? தேடப் புகுந்த எனக்குக் கிடைத்தது ஓர் ஊரின் வரலாறு மட்டுமன்று; அவ்வூரை முதலில் தாளில் கண்டு, பிறகு மண்ணில் கண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையும் கிடைத்தது. அவர் அரசரல்லர், அமைச்சரல்லர், பொறியியல் வல்லுநரும் அல்லர். பிறர் பேசுவதைக் குறித்தெடுத்துப் பிழைத்த சுருக்கெழுத்தர். அவர் பெயர் எபனேசர் ஹோவார்டு.

இலண்டன் மாநகரின் ஃபோர் தெருவில் 1850-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29-ஆம் நாள் ஹோவார்டு பிறந்தார். தந்தையார் தின்பண்டக் கடை வைத்திருந்தவர். சிறுவர் சில ஊர்களில் விடுதிப் பள்ளிகளில் படித்தார். பதினைந்து வயதோடு படிப்பு முடிந்தது. பங்குத் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கல்லூரி வாயிலை மிதியாத இந்த இளைஞர் தாமே முயன்று பிட்மன் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார். மாலைதோறும் தட்டச்சு நிலையத்துக்கும் சுருக்கெழுத்து வகுப்புக்கும் ஓடுகின்ற நம் நண்பர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக. அவருக்கு வாழ்நாளெல்லாம் சோறு போட்டது அந்தக் கலைதான்.

1871-இல், இருபத்தொரு வயதில், நண்பர் இருவருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நெபிராஸ்கா மாநிலத்தில் 160 ஏக்கர் நிலத்தில் உழவு செய்வது திட்டம். ஏர் பிடித்தறியாத கைகள், கடுங்குளிர். ஒரே ஆண்டில் உழவு தோற்றது. ஹோவார்டு சிகாகோ நகருக்குப் போய் மீண்டும் பென்சிலைக் கையில் எடுத்தார். நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்தார். 1871 அக்டோபரில் பெருந்தீ ஒன்று அந்நகரைச் சுட்டெரித்திருந்தது. சாம்பலிலிருந்து ஒரு நகரம் எழுவதை நான்கு ஆண்டுகள் கண்ணெதிரே பார்த்தவர் அவர். தீக்கு முன்பே அந்நகருக்குத் தோட்ட நகரம் என்றொரு செல்லப்பெயர் வழங்கி வந்தது என்பது சுவையான செய்தி.

1876-இல் தாயகம் திரும்பி, பாராளுமன்ற நடவடிக்கைகளை அதிகாரமுறையாகக் குறித்தெடுக்கும் கர்னி நிறுவனத்தில் சேர்ந்தார். 1879-இல் எலிசபெத் ஆன் பில்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். மூன்று பெண்கள், ஓர் ஆண் என மக்கள் நால்வர். வருவாய் குறைவு. அந்தக் குறைந்த வருவாயிலும் ஒரு பகுதியைச் சுருக்கெழுத்துப் பொறி ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசைக்குச் செலவிட்டார்; அந்த ஆசை அவரைக் கடைசிவரை விடவில்லை, பலிக்கவும் இல்லை.

பாராளுமன்றத்தில் அவர் எழுதியெடுத்தவை என்ன? இலண்டனின் நெரிசல், சேரிகளின் நோய், ஊரகத்தை விட்டு உழவர் ஓடிவருதல், நிலச் சிக்கல். ஆணையங்கள் அமர்ந்தன, சான்றுரைகள் குவிந்தன. எல்லாக் கட்சியினரும் ஒரு குரலாக ஒப்புக்கொண்ட தீமை, நகரம் வீங்குவதும் நாட்டுப்புறம் மெலிவதும்தான். ஆனால் வழி சொன்னவர் எவருமில்லை. பேசியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எழுதியவர் மட்டும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்நாளில் அவர் படித்த நூல்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று ஹென்றி ஜார்ஜ் 1879-இல் வெளியிட்ட முன்னேற்றமும் வறுமையும்; மற்றொன்று எட்வர்டு பெல்லமியின் 1888-ஆம் ஆண்டுப் புதினம், பின்னோக்கிப் பார்த்தல். முன்னது நிலத்தின் மதிப்பை ஏற்றுவது சமுதாயம், அந்த ஏற்றத்தை விழுங்குவது நிலக்கிழார் என்று காட்டிற்று. பின்னது கூட்டுறவால் இயங்கும் ஒரு வருங்கால நகரைக் காட்டிற்று. ஜார்ஜைப் போலத் தனிவரி விதித்து நிலக்கிழாரோடு போர் தொடுக்க ஹோவார்டு விரும்பவில்லை. பெல்லமியைப் போல எல்லாவற்றையும் அரசின் கையில் கொடுக்கவும் மனமில்லை. சண்டையில்லாத மூன்றாவது வழி ஒன்றைக் கணக்குப் போட்டுக் கண்டார்.

பொருளியல் படிக்கும் நாம் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைத் தேர்வுக்கு முந்தின இரவில் நெட்டுருப் போடுகிறோம். அதை ஊராக்கியவர் ஹோவார்டு. வழி எளிது. வெறும் வயற்காட்டை வேளாண்மை நில விலைக்கே வாங்குவது; அதன்மேல் ஒரு நகரைக் கட்டுவது; ஆனால் நிலத்தை எவருக்கும் விற்காதிருப்பது. நிலம் அறங்காவலர் கையில் என்றும் இருக்கும். வீடும் கடையும் ஆலையும் கட்டுவோர் மனைக்கு வாடகை மட்டும் தருவர். மக்கள் பெருகப் பெருக மனையின் மதிப்பு ஏறும், வாடகையும் ஏறும், அந்த ஏற்றம் தனியார் பைக்குப் போகாமல் ஊர்ப் பொதுப்பணத்தில் சேரும். இந்த வாடகையோடு நகரவரியையும் ஒன்றாகச் சேர்த்து அதற்கு வரிவாடகை என்று பெயரிட்டார்.

அவர் போட்ட கணக்கை இங்கே தருவது தவறாகாது. மொத்த நிலம் 6,000 ஏக்கர். ஏக்கர் 40 பவுன் வீதம் விலை 2,40,000 பவுன். இதற்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் கடன் பத்திரங்கள். ஆண்டு வட்டி 9,600 பவுன். முதலை முப்பதாண்டில் அடைக்க ஆண்டுக்கு 4,400 பவுன் ஒதுக்க வேண்டும். நகரில் 30,000 பேரும் சுற்றியுள்ள பண்ணைகளில் 2,000 பேரும் குடியேறினால் கிடைக்கும் வரிவாடகை ஆண்டுக்கு 64,000 பவுன். வட்டியும் அசல் ஒதுக்கீடும் போக மிஞ்சுவது 50,000 பவுன்! சாலைகள், பள்ளிகள், பூங்காக்கள், நூல்நிலையம் அனைத்தும் இதிலிருந்து. முப்பதாண்டு கழித்துக் கடன் தீர்ந்தபின் வட்டிக்கும் அசலுக்கும் போன 14,000 பவுனும் ஊருக்கே மீளும். முதியோருக்கு ஓய்வூதியம் தரலாம் என்பது அவர் கனவு. வேறு வரி எதுவும் வேண்டா.

எங்கள் ஊர்ப்புறத்தில் புறவழிச்சாலை வந்த புதிதில் என் பெரியப்பா இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்றார். வாங்கியவர் பயிர் செய்யவில்லை. மூன்றாண்டில் அங்கே மனைக்கற்கள் முளைத்தன. அதுவரை ஏக்கர்க் கணக்கில் பேசிய நிலம் அன்றுமுதல் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கியது. சாலை போட்டது பொதுப்பணம். விலை ஏறியது யாருக்கோ. இதில் எவர்மேலும் குற்றமில்லை, சட்டப்படி எல்லாம் சரிதான். ஆயினும் ஹோவார்டின் கணக்கைப் படித்த அன்று பெரியப்பாவின் நிலம்தான் என் கண்முன் வந்து நின்றது.

கணக்கு மட்டும் அவர் நூலை நிலைக்க வைத்திருக்காது. பசுமையை அவர் வைத்த இடம் வியப்புக்குரியது. 6,000 ஏக்கரில் நகருக்கு 1,000 ஏக்கர் மட்டுமே. எஞ்சிய 5,000 ஏக்கர் என்றும் வயலாகவும் தோப்பாகவும் மேய்ச்சல் நிலமாகவும் நகரைச் சூழ்ந்து நிற்க வேண்டும். நகரின் நெஞ்சில் ஐந்தரை ஏக்கர்த் தோட்டம். அதைச் சுற்றி நகரமன்றம், நூலகம், மருத்துவமனை, அரங்கம். அவற்றைச் சுற்றி 145 ஏக்கர்ப் பூங்கா. நடுவழியில் 420 அடி அகலத்தில் வட்டமாக ஒரு மரநிழற் பெருவீதி, அதிலேயே பள்ளிகள். எந்த வீட்டிலிருந்தும் அப்பெருவீதி 240 கெஜத்துக்கு மேல் தொலைவில்லை. ஆலைகள் விளிம்பில், இருப்புப்பாதையை ஒட்டி.

இதை அழகுக்காக மட்டும் செய்தாரென்று எண்ணிவிடக் கூடாது. மரத்துக்கும் வயலுக்கும் அவர் வரவு செலவுக் கணக்கு வைத்திருந்தார். சுற்றுப் பண்ணையின் உழவனுக்குக் காலடியிலேயே 30,000 வாய்கள் கொண்ட சந்தை. பாலும் காய்கறியும் பழமும் இரயில் கட்டணமின்றி, தரகு அதிகமின்றி, வாடாமல் விலைபோகும். நகரின் கழிவு எருவாக மாறி அதே வயலுக்குத் திரும்பும். ஆகவே உழவன் வேறிடத்தில் தருவதைவிடக் கூடுதலாக மகிழ்ச்சியோடு வாடகை தருவான். பச்சை வளையம் ஊருக்குச் சுமையன்று, வருவாய் என்பதே அவர் முடிபு. நகர் நிரம்பிவிட்டால்? வளையத்தைத் தின்னக் கூடாது. அதைத் தாண்டி அடுத்த நகரைத் தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர் தன் பூங்கா நிலங்களை விட்டுவிட்டு அப்பால் வளர்ந்ததை இதற்குச் சான்று காட்டினார். இன்று அறிஞர்கள் பசுமைக் கட்டமைப்பு என்று பெயரிட்டு, நிழலுக்கும் வெள்ள வடிகாலுக்கும் மண்ணுக்கும் பண மதிப்புக் கூறுகிறார்கள். அப்பெயர் பிறக்கும் முன்னரே அதன் வரவேட்டை எழுதத் தொடங்கியவர்களுள் இந்தச் சுருக்கெழுத்தரும் ஒருவர்.

நூலை அச்சிட எந்தப் பதிப்பாளரும் முன்வரவில்லை. நண்பர் ஒருவர் தந்த 50 பவுன் உதவியால் 1898-இல் அது வெளிவந்தது. நாளை: மெய்யான சீர்திருத்தத்துக்கு அமைதி வழி என்பது அதன் பெயர். 1902-இல் நாளைய தோட்ட நகரங்கள் என்ற பெயரோடு மறுபதிப்பாகி உலகெங்கும் போயிற்று. ஃபேபியன் சங்கத்தினர் நகைத்தனர். இருக்கின்ற நகரங்களைத் திருத்த வழி காணாமல் இல்லாத நகரங்களைக் கட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. பெர்னார்டு ஷா தம் நாடகம் ஒன்றில் தோட்ட நகரத்தைக் கேலியாகத் தொட்டுக் காட்டினார். அதே ஷா பின்னாளில் ஹோவார்டின் இரண்டாம் நகருக்குப் பணமும் போட்டார். நகைத்துக்கொண்டே நன்மை செய்வதில் அவருக்கு நிகர் அவரே.

1899-இல் தோட்ட நகரச் சங்கம் பிறந்தது. ரால்ஃப் நெவில் என்ற வழக்கறிஞர் தலைமை ஏற்றபின் இயக்கம் வலுப்பெற்றது. 1903 செப்டம்பர் முதல் நாள் முதல் தோட்ட நகர நிறுவனம் பதிவாயிற்று. ஹெர்ட்ஃபோர்டுஷயரில் லெட்ச்வொர்த் என்ற சிற்றூரைச் சுற்றிப் பதினைந்து உடைமையாளரிடமிருந்து 3,818 ஏக்கர் நிலம் 1,55,587 பவுனுக்கு வாங்கப்பட்டது. ஏக்கருக்குச் சற்றேறக்குறைய 40 பவுன். ஐந்தாண்டுக்கு முன் எழுதிய கணக்கு தவறவில்லை! அக்டோபர் 9-ஆம் நாள் கொட்டும் மழையில், சேற்றில், கிரே பிரபு தொடக்கவிழா நடத்தினார்.

ரேமண்டு அன்வின், பாரி பார்க்கர் என்னும் கட்டடக்கலைஞர் இருவர் நகரமைத்தனர். நின்ற மரங்களைக் காத்தே தெருக்களை வகுத்தனர். 1905-இல் 150 பவுனுக்குள் கட்டிய குடில்களின் கண்காட்சி நடந்தது, பல்லாயிரவர் திரண்டனர். டென்ட்டின் அச்சகம் வந்தது. ஸ்பைரெல்லா என்ற உள்ளாடை ஆலை வந்து நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை தந்தது. ஆலை வந்ததால் கடை வந்தது. கடை வந்ததால் மனை வாடகை ஏறியது.

ஆனால் ஹோவார்டின் நெஞ்சில் அந்நாளில் முள் ஒன்று தைத்தது. நிறுவனத்தின் இயக்குநர்கள் பெருவணிகர். லீவர், கேட்பரி போன்ற பெயர்கள் அவர்களிடையே இருந்தன. நல்லெண்ணம் உடையவர்களே. எனினும் பங்குதாரருக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஈவுத்தொகை இல்லை என்ற வரம்பைக் காத்தார்களே அன்றி, அவ்வப்போது ஏறும் வாடகை என்ற மூலக்கொள்கையை நெகிழவிட்டார்கள். ஏறாத நிலையான வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள்; இல்லையேல் ஆலைகளும் குடிகளும் வாரா என்று அஞ்சினார்கள். நிலத்தை ஊரார் கையில் ஒப்படைக்கும் பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஈவுத்தொகையும் பத்தாண்டுவரை கிடைக்கவில்லை. 1913-இல்தான் நூற்றுக்கு ஒன்று கொடுத்தார்கள். இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. அழகிய அக்குடில்களைக் கட்டிய கூலியாட்கள் பலருக்கு அவற்றின் வாடகை எட்டவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து போனார்கள். நிலம் பொதுவானால் போதும், ஏழைக்கு வீடு தானே வரும் என்று நம்பியது ஹோவார்டின் கணக்கில் இருந்த ஓட்டை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இல்லத்தில் ஒரு துயரும் நேர்ந்தது. கணவரின் கனவை இருபதாண்டுக்கு மேல் வறுமையோடு சுமந்த எலிசபெத் அம்மையார், லெட்ச்வொர்த்தில் குடியேறுமுன்பே 1904 நவம்பரில் மறைந்தார். 1906-இல் திறந்த நகரின் பொதுமண்டபத்துக்கு அவர் பெயரையே இட்டார்கள். வரலாற்று நூல்கள் அவரைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன.

நம் பக்கத்துக்கும் இக்கதையில் ஓர் இழை உண்டு. இந்த இயக்கத்தின் தோழமை அறிஞரான பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்கு அனுப்பினார். வரைபடங்களைச் சுமந்து வந்த கிளான் கிராண்டு என்னும் கப்பலை 1914 அக்டோபரில் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைக் கோட்டைப்புறத்தில் குண்டு போட்டு, நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்! நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் கண்காட்சி நடந்தது.

முதல் உலகப்போர் முடிந்தது. வீரர்களுக்கு வீடு என்பதே எங்கும் பேச்சு. அரசே புதிய நகரங்களைக் கட்ட வேண்டும் என்று ஹோவார்டின் இளந்தோழர்கள் எழுதியும் பேசியும் வந்தனர். அரசை நம்பிக் காத்திருந்தால் ஆயுள் போதாது என்பது கிழவரின் எண்ணம். 1919 மே 30-ஆம் நாள், வெல்வின் அருகே டெஸ்பரோ பிரபுவின் குடும்ப நிலம் ஏலத்துக்கு வந்தது. அறுபத்தொன்பது வயது ஹோவார்டு தம்மிடம் பணமில்லாமலே ஏலம் கேட்கப் போனார். முன்பணத்துக்காக நண்பர்களிடம் கைமாற்று வாங்கியிருந்தார். 51,000 பவுனுக்கு 1,458 ஏக்கர் அவர் பெயரில் முடிந்தது. வைப்புத்தொகையில் துண்டு விழவே, அதையும் கடன் வாங்கியே ஈடு செய்தாராம்! தோழர்கள் திகைத்தார்கள், வேறு வழியின்றித் துணைக்கு வந்தார்கள். 1920-இல் வெல்வின் தோட்ட நகர நிறுவனம் எழுந்தது. லூயி டி சுவாசோன் வரைபடம் தீட்டினார். 1921-இல் ஹோவார்டு அங்கேயே குடியேறினார்.

எளிய தோற்றம், வழுக்கைத் தலை, பழைய கோட்டு, நல்ல குரல். எஸ்பெராண்டோ மொழியில் ஈடுபாடு. நகரங்கள் இரண்டைக் கண்டவர் தமக்கென மனையும் நிலமும் சேர்க்கவில்லை. முதிர்ந்த வயதிலும் சுருக்கெழுத்தே அவருக்குப் பிழைப்பாக இருந்தது. 1927-இல் சர் பட்டம் வந்தது. 1928 மே முதல் நாள் வெல்வினில் காலமானார். உடல் லெட்ச்வொர்த்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைவுக்குப்பின் இரு நகரங்களும் இரு வழி போயின. 1948-இல் வெல்வினை அரசு தன் புதுநகரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டது. நிலம் ஊருக்கு என்ற கொள்கை அங்கே கரைந்தது. லெட்ச்வொர்த்துக்கு வந்த ஆபத்து வேறு. 1960-இல் ஆதாயம் கருதிய ஒரு நிறுவனம் பங்குகளைத் திரட்டி ஊரின் நிலத்தையே தன் வயப்படுத்த முனைந்தது. அறுபதாண்டாக மக்கள் உழைப்பால் ஏறிய மதிப்பு அத்தனையும் ஒரே கையில் போகவிருந்த நேரம். ஊராரும் நகரசபையும் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டினர். 1962-இல் தனிச் சட்டம் பிறந்தது. 1963 சனவரி முதல் நாள் நிலம் பொதுக் கழகத்துக்கு மாறியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கழகத்தின் இடத்தில் பாரம்பரிய அறக்கட்டளை அமைந்தது. ஹோவார்டு தம் வாழ்நாளில் காணாததை ஊரார் அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்துப் பெற்றனர். இடையில் 1967-ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் வீட்டுக்காரர்கள் தம் மனையை விலைக்கு வாங்கிக்கொள்ள வழிவிட்டதால் வீட்டு மனைகள் பல கைநழுவின என்பதும் உண்மை.

சமுதாய நில அறக்கட்டளை என்று இன்று பல நாடுகளில் பேசப்படும் முறையின் முன்னோருள் ஹோவார்டும் ஒருவராக எண்ணப்படுகிறார். நிலம் அறக்கட்டளைக்கு, மேலுள்ள வீடு குடியிருப்போர்க்கு என்பது அதன் சாரம். 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின உழவர் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ் அம்முறையின் முதல் முயற்சி. சுமார் 5,700 ஏக்கர் கொண்ட அந்நிலம் 1985-இல் கடனுக்குப் போய்விட்டது; முறை மட்டும் வேரூன்றிவிட்டது. அதை வகுத்தவர்களுள் ஒருவரான இராபர்ட் சுவான் நம் வினோபாவின் கிராமதானத்திலிருந்தும் ஊக்கம் பெற்றவர். வினோபா 1956-57-இல் தமிழகத்தில் நடந்தே வலம் வந்ததை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்போம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லெட்ச்வொர்த்தின் மக்கள் தொகை 33,000 அளவில் இருந்தது. ஹோவார்டு தாளில் எழுதியதோ 32,000. கடைகள், அலுவலகங்கள், பண்ணைகள் தரும் வாடகையை அறக்கட்டளை ஊருக்கே செலவிடுகிறது. ஸ்பைரெல்லா ஆலைக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு இப்போது அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. 2003-இல் நகரின் நூற்றாண்டு நினைவாக 13.6 மைல் நீளத்தில் பசும்பாதை ஒன்று அமைத்தார்கள். ஊரைச் சுற்றியுள்ள வயல்களின் வழியே அது வளைந்து போகிறது.